குடைத்துணி அங்கி

உத்திரமேரூர்
9-3-1981

எஸ்தரின் நைனாவுக்கு, பாக்கியமேரி எழுதிக்கொள்வது.

கர்த்தர் எங்களை ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கிறார். கடலுக்கு அந்தப் பக்கம் உங்களையும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வந்த கடிதத்துக்குப் பிறகு உங்களிடமிருந்து எதுவும் வரவில்லை. அந்தமானிலிருந்து கப்பல் வரத் தாமதமாகிறது என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். துறைமுக வேலை கடினமா? இருமல் விட்டதா?

இங்கே ஏரியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. நவரைப் பயிருக்குக் களையெடுப்பு நடக்கிறது. கூரையின் கிழக்குப் பக்கத்துக்கு மட்டும் புதுக் கீற்று போட்டுவிட்டோம். மற்றதை மழைக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது எழுத உட்கார்ந்தது பள்ளிக்கூட ஆண்டு விழாவைப் பற்றிச் சொல்லத்தான். இந்த வருடம் மாறுவேடப் போட்டி வைத்தார்கள். எஸ்தரும் பேர் கொடுக்கப் போயிருக்கிறாள். டீச்சர் அவளைப் பார்த்து, "உனக்கு எதுக்குத் தனியா வேஷம்? கையில ஒரு அருவாள வச்சிக்கினு அப்படியே வா, கூலிக்காரி வேஷம் ஆயிடும்" என்றாராம். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை.

எனக்கும் மனம் ஆறவில்லை. வயலில் இறங்குவது கேவலம் என்று நான் நினைக்கவில்லை, தினமும் செய்கிற வேலைதான். ஆனால் மற்றப் பிள்ளைகளெல்லாம் ராஜாவாகவும் போலீஸாகவும் வரும்போது, என் பிள்ளை மட்டும் அவர்கள் நினைத்து வைத்திருப்பதாகவே வர வேண்டுமா? "நீ இன்னாவா ஆவணும், சொல்லு" என்று கேட்டேன். "ஜட்ஜு" என்றாள். டூரிங் டாக்கீஸில் பார்த்திருக்கிறாள்.

ஜட்ஜுக்குக் கறுப்பு அங்கி வேண்டுமே! கறுப்புத் துணிக்கு எங்கே போவது? என் குடையில் கம்பிகள் உடைந்து கிடந்தன. கோயில் உபதேசியாரிடம் கேட்டேன், அவரும் தம்முடைய பழைய குடையைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் வேப்பமரத்து நிழலில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். குடைத்துணியை முக்கோணம் முக்கோணமாகப் பிரித்தோம். நான் தைக்க, எஸ்தர் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். வெளுத்துப்போன துண்டுகளை முதுகுப் பக்கம் வைக்கலாம் என்றது அவள்தான். போட்டுப் பார்த்தால் கை நீளம், தோள் ஒரு பக்கம் தூக்கல். ஆனாலும் அது அங்கியாகத்தான் இருந்தது. தலைமுடிக்கு இலவம்பஞ்சு. பழைய துணியைத் தொப்பிபோலத் தைத்து, கஞ்சி தடவி, பஞ்சை ஒட்டினோம். சின்னவன் டேவிட் தும்மித் தும்மிப் பாதிப் பஞ்சைப் பறக்கவிட்டான். ஜட்ஜின் சுத்தியலுக்குப் பருப்பு மத்து.

டேவிட் சும்மா இருப்பானா? தனக்கும் வேஷம் வேண்டும் என்றான். என்ன வேஷம் என்று கேட்டால், கப்பல்! ஆள் வேஷம்தான் போடலாம், கப்பலாகிற வேஷம் கிடையாது என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. மளிகைக் கடையிலிருந்து பிஸ்கட் அட்டைப்பெட்டி வாங்கி வந்து, அடியை வெட்டி, கயிறு கட்டித் தோளில் மாட்டிவிட்டோம். புகைபோக்கிக்கு ஒரு பால்பவுடர் டின். முன்பக்கம் அவனே கரியால் ஜன்னல் ஜன்னலாக வரைந்துகொண்டான். அன்றைக்கு முழுவதும் மூன்று பேரும் சிரித்தோம். இந்த வீட்டில் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விழா. முன்வரிசை நாற்காலியில் பெரிய வீட்டு வேதகிரி உட்கார்ந்திருந்தார். அவர்தான் பரிசு கொடுக்கப் போகிறவர் என்று அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரியும். நான் பின்னால் பெண்களோடு தரையில் இருந்தேன்.

முதலில் டேவிட் போனான். ஹெட்மாஸ்டர் சிரித்துக்கொண்டே, "இது எந்த ஊருக்குப் போற கப்பல்?" என்று கேட்டார். "போவல சார், வந்துக்கினு கீது. அந்தமான்லேர்ந்து" என்றான் உங்கள் பிள்ளை. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத்தான் தலை நிமிர முடியவில்லை, கண் நிறைந்துவிட்டது.

அடுத்து எஸ்தர். வீட்டில் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது, "ஆர்டர், ஆர்டர், கோர்ட் கலையலாம்" என்பது மட்டும்தான். அவள் மேஜையில் மத்தால் தட்டினாள். "ஆர்டர், ஆர்டர்" என்றாள். பிறகு நேராக முன்வரிசையைப் பார்த்து, "சாட்சி இல்லாம யாரையும் திருடன்னு சொல்லக் கூடாது. தெருவுல நிக்க வச்சிச் சொல்லக் கூடாது. அப்படிச் சொல்லியிருந்தா, தப்புன்னு அதே தெருவுல சொல்லணும். இதான் தீர்ப்பு" என்றாள்.

போன ஆடியில், பம்ப்செட் மோட்டாரின் செம்புக் கம்பி காணோம் என்று வேதகிரி உங்களைத் தெருவில் நிறுத்திவைத்துத் திருடன் என்று பேசியபோது, அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். அதன் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. குழந்தைதானே, மறந்திருப்பாள் என்றிருந்தேன்.

கூட்டத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. வேதகிரி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஹெட்மாஸ்டர் அவசரமாக அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். பரிசு கண்ணகி வேஷம் போட்ட பெண்ணுக்குப் போனது. கப்பலுக்கு ஒரு பென்சில் கொடுத்தார்கள். ஜட்ஜுக்கு ஒன்றுமில்லை. வரும் வழியில், "நான் தப்பாப் பேசிட்டனாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லி, பஞ்சு ஒட்டியிருந்த அந்தத் தலையை என் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன்.

மறுநாள் பயம் வந்தது, மறைக்க மாட்டேன். களையெடுப்புக்கு ஆள் கூப்பிட வந்த வேதகிரியின் மேஸ்திரி சின்னப்பையன் நம் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார். நான் மாகறல் பக்கம் வேறு வேலைக்குப் போனேன். அங்கிருந்து திரும்பும்போது ஏரிக்கரையில் வேதகிரியின் மனைவி ராணியம்மாள் தனியாக நின்றிருந்தார்கள். எனக்காகத்தான் நின்றிருக்கிறார்கள். "மோட்டார் ரிப்பேருக்கு வந்தவன்தான் கம்பிய எடுத்து வித்தவன். பொங்கலுக்கு முன்னாலயே அவருக்குத் தெரியும். சொல்ல வாய் வரல. உன் வூட்டுக்காரன வரச் சொல்லு மேரி" என்றார்கள்.

அவர்கள் முன்னால் நான் நிமிர்ந்து பேசியதே கிடையாது. அன்றைக்குப் பேசினேன். "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவும்மா? தெருவுல சொன்னது தெருவுலதான் தீரணும்" என்றேன். அவர்கள் கரையோடு நடந்து போய்விட்டார்கள்.

நேற்றுக் காலை, கோயிலுக்குப் போக எல்லோரும் வெளியே வந்த நேரம், மேஸ்திரி சின்னப்பையன் நம் தெருமுனையில் வந்து நின்று, "ஏசுதாஸ் கம்பிய எடுக்கல, அது வேற ஆளு, ஆண்டை சொல்லச் சொன்னாரு" என்று உரக்கச் சொன்னார். சொன்னதும் போய்விட்டார். வேதகிரி வரவில்லை. ஆளைத்தான் அனுப்பினார். அந்த வருத்தம் எனக்கு உண்டு, உங்களுக்கும் இருக்கும். ஆனாலும் தெரு முழுக்கக் கேட்டது. பெருமாள் அண்ணன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பிக்கு எழுதும்மா" என்றார். செல்லாயி அக்கா அழுதே விட்டாள்.

வேதகிரியிடம் இனி வேலைக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இங்கே உத்திரமேரூரிலேயே கட்டட வேலை நடக்கிறது, உங்கள் கைக்கு வேலை கிடைக்கும். அந்தமானிலேயே இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டியிருந்தால், அதையாவது இரண்டு வரி எழுதுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். போகும்போது விடிவதற்கு முன்னால், யார் கண்ணிலும் படாமல், வயல் வரப்பு வழியாகப் போனீர்கள். வரும்போது அப்படி வர வேண்டாம். மத்தியான பஸ்ஸில் வந்து இறங்குங்கள். நல்ல வெயிலில், தெருவின் நடுவில் நடந்து வாருங்கள். நாங்கள் மூன்று பேரும் வாசலில் நிற்போம்.

உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக.

உங்கள்
பாக்கியமேரி