ஆறாயிரம் கிலோமீட்டர் வேண்டுதல்

லுசாகா,
12-8-1981

அன்புள்ள அம்மாவுக்கு சரோஜா வணங்கி எழுதுவது. நான் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

நான் பத்திரமாக வந்து சேர்ந்தால் விமானம் பறக்கும் தூரம் முழுக்க மலை சுற்றுவதாக வேண்டிக்கொண்டு, வீங்கின காலோடு நீ தினமும் நடக்கிறாயாம். தம்பி அருணகிரி எழுதியிருந்தான். பயந்துபோய், என்னோடு வேலை பார்க்கும் போளூர் டீச்சர் வள்ளியிடம் சொன்னேன். இருவரும் பள்ளிக்கூட உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்தோம். பம்பாயிலிருந்து இங்கே சுமார் ஆறாயிரம் கிலோமீட்டர். விமானம் ஏழெட்டு மணி நேரத்தில் முடித்துவிட்டது. மலையை ஒரு முறை சுற்றப் பதினாலு கிலோமீட்டர் என்றால், உனக்கோ நானூறு சுற்றுக்கு மேல் வரும்.

“நடக்கவே வேணாம்னு எழுதப் போறேன்” என்றேன்.

“ஏங்க்கா தடுக்கறீங்க? பௌர்ணமிக்கு ஒரு சுத்துன்னு நடக்கச் சொல்லுங்க. முடிக்கறதுக்குள்ள அவங்களுக்கு நூறு வயசு ஆயிடும். வேண்டுதல் பாக்கி இருக்கறப்ப சாமி கூப்பிட்டுக்குமா?” என்றாள் வள்ளி.

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஆகவே அம்மா, மாதம் ஒரு சுற்றுதான். கூட யார் யார் வருகிறார்கள், வழியில் என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று தம்பியை விவரமாக எழுதச் சொல். வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

டிசம்பரில் லீவுக்கு வருகிறேன். அந்தத் தூரத்தையும் சேர்த்துக்கொள்.

உன் மகள்
சரோஜா