அப்பா பேரில் வந்த இருதயத் தாள்

என் பெரியவனுக்கு அம்மா எழுதுவது, இங்கே நான் சுகம், பேச்சுக்குச் சொல்லவில்லை, இருதயம் நன்றாகச் சுருங்குகிறது என்று அச்சடித்த ஆஸ்பத்திரித் தாளே வந்திருக்கிறது, ஆனால் அது உன் அப்பா பேரில் வந்திருக்கிறது. அங்கே நீயும் மருமகளும் குட்டியும் சுகம்தானே.

அப்பா போய் நேற்றோடு ஐம்பத்திரண்டு நாள். மோட்டார் ரிப்பேருக்கு இன்னும் போன் வருகிறது, அவர் இல்லை என்கிறேன், எப்ப வருவார் என்கிறார்கள். அவருக்கு இருதய ஸ்கேன் எடுக்க ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த தேதி போன செவ்வாய்க்கிழமைதான். முதலில் கொடுத்த தேதியில் யார் வீட்டிலோ தண்ணீர் ஏறவில்லை என்று ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார், இது தள்ளி வாங்கிய தேதி. சீட்டைத் திருப்பிக் கொடுத்தால் வேறு யாருக்காவது ஆகுமே என்று போய் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து அப்பா பேரைக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்ச் சீட்டை நீட்டினேன். ஸ்கேன் எடுக்கிற பெண் தலையைத் தூக்கவே இல்லை, சர்க்கரையா என்றாள், ஆமாம் என்றேன், எத்தனை வருஷமா என்றாள், பன்னிரண்டு என்றேன், மாடி ஏறினா மூச்சு வாங்குதா என்றாள், வாங்குது என்றேன். என்னுடைய சர்க்கரையைத்தான் சொன்னேன், அதில் ஒரு பொய்யும் இல்லை. அவர் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் படுங்கம்மா என்றாள், காலையிலிருந்து அதையே மூன்று பேரிடம் சொல்லி எனக்கும் அலுத்துப் போயிருந்தது, படுத்துவிட்டேன்.

இடது பக்கம் ஒருக்களிக்க வைத்து நெஞ்சில் ஜில்லென்று பசை தடவி ஒரு சின்னக் கட்டையை வைத்து அழுத்தினாள். பக்கத்து டிவியில் ரத்தம் சிவப்பாகவும் நீலமாகவும் ஓடியது. நீலம் கெட்ட ரத்தமா பாப்பா என்றேன், அதெல்லாம் இல்லம்மா, கட்டையைப் பாத்து வர்றது சிவப்பு, விலகிப் போறது நீலம், ரத்தம் ஒண்ணுதான் என்றாள். பிறகு சத்தத்தைத் திறந்துவிட்டாள், புஸ் புஸ் என்று மோட்டார் காற்றிழுக்கிற மாதிரி, அப்பா இருந்தால் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க விடுவார். ஊரார் மோட்டாரையெல்லாம் பிரித்துப் பார்த்த மனுஷன் தன்னுடையதை மட்டும் அந்தக் கட்டிலுக்குக் கொண்டுபோகவில்லை.

டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, இருதயம் சுருங்கித் தள்றது நல்லாவே இருக்கு, விரிஞ்சு ரத்தத்தை உள்ளே வாங்கறதுலதான் கொஞ்சம் விறைப்பு, சர்க்கரைக்காரங்களுக்குப் பல சமயம் இப்படித்தான் ஆரம்பிக்கும், வலி இருக்காது, ரத்தம் ஓடற வேகத்தை இதுல பாத்தாத்தான் பிடிபடும், நல்லவேளை இப்பவே வந்தீங்க, பயமில்லை, மாத்திரையும் நடையும் போதும் என்றார். அப்புறம்தான் தாளில் ஆண், வயது அறுபத்தாறு என்று இருந்ததைப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு முகம் செத்துப்போயிற்று, ஏம்மா சொல்லல என்றாள், நீ கேக்கலையே பாப்பா என்றேன்.

போன வாரம் போனில், கிரேன் ஓட்ட ஏறும்போது ஏணியில் பாதியிலே நின்று மூச்சு வாங்கிட்டு ஏறுறேன், வலியெல்லாம் இல்லம்மா, வயசாச்சில்ல என்றாயே. நாற்பத்தொரு வயதில் என்னடா வயசு. உனக்குச் சர்க்கரை வந்தே ஆறு வருஷம். உன் அப்பாவும் வலி இல்லை என்றுதான் சொன்னார், இருதயம் நிற்கிறவரைக்கும் அவருக்கு வலிக்கவே இல்லை. நீ ஏறுகிற ஏணி நம் வீட்டு மாடிப்படி இல்லை. லீவு கிடைக்காது என்று சொல்லாதே, அப்பாவுக்கு இப்போது முழு லீவு.

என் பேரில் வேறு தாள் அடித்துக் கொடுத்தார்கள். தப்பான தாளை அந்தப் பெண் கிழிக்கப் போனாள், இருக்கட்டும் கொடு என்று வாங்கி வந்துவிட்டேன். அவருடைய ஸ்பேனர் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிறேன். அதில் அவர் பேருக்குக் கீழே, இருதயம் நன்றாகச் சுருங்குகிறது என்று போட்டிருக்கிறது.

நீ நூறு வயசு இருக்க வேண்டும், மருமகளும் குட்டியும் குறையில்லாமல் இருக்க வேண்டும். இந்த மாதத்துக்குள் போய்ப் படுத்து எடுத்துவிட்டுத் தாளைப் போட்டோ பிடித்து அனுப்பு. உன் பேர் போட்டிருக்கிறதா என்று பார்த்து அனுப்பு. உனக்குப் பதிலாக அங்கே போய்ப் படுக்க யாரும் இல்லை.

உன்னைப் பெற்றவள்,
அம்மா