பார்க்கலாம் என்று சொன்னேன்

அன்று உன்னிடம் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு சொல். மாட்டேன். அதற்குப் பதிலாகப் ‘பார்க்கலாம்’ என்று சொன்னேன்.

இன்று காலை எங்கள் டாலிகஞ்ச் சந்தில் மாநகராட்சி ஆட்கள் சாக்கடை ஓரமாகப் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போனார்கள். மழை ஓய்கிற சமயத்தில் வழக்கமாகச் செய்வதுதான். அப்பா ஜன்னலைச் சாத்தச் சொன்னார். நான் சாத்தவில்லை. அந்த நெடி உள்ளே வந்ததும் ஜாதவ்பூரில் உன் அறைக்கு ஏறும் குறுகலான படிக்கட்டு நினைவுக்கு வந்தது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று உட்கார்ந்தது இன்றுதான்.

இயற்பியல் துறையில் தமிழ் பேசுகிறவர்கள் நாம் இரண்டு பேர்தான். நீ திருநெல்வேலியிலிருந்து வந்தவள். நான் கொள்ளுத்தாத்தா காலத்திலேயே இந்த ஊருக்கு வந்துவிட்ட குடும்பம். முதல் நாள் நான் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்ததை நீ பின்னால் நின்று கேட்டிருக்கிறாய். “சாதத்தை மூடி வை, கீ ஜானி எப்போ வருவேனோ” என்றேன், வழக்கம்போல் நடுவில் வங்காளம் கலந்து. போனை வைத்ததும் நீ கேட்டாய்: “ஏட்டி, நீ பேசுதது தமிழா, இல்ல தமிழ் மாதிரி ஒண்ணா?”

எனக்குக் கோபம் வந்தது. என் தமிழ் புத்தகங்களைப் படித்து வந்தது என்றேன். “அதான் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு” என்றாய். அன்று மாலையே மண் கோப்பையில் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தாய்.

நம்மைச் சேர்த்து வைத்தது தமிழ் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அந்த மூடிய அறைதான். உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் எழுதிப் பார்க்கிறேன். அறைக்குள் ஒருத்தி ஒரு துகளை அளக்கிறாள். மேலா, கீழா என்று ஒரு விடை அவளுக்குக் கிடைத்துவிடுகிறது. ஆனால் கதவுக்கு வெளியே நிற்பவளின் கணக்கில், துகளும் கருவியும் உள்ளே இருக்கிற அவளும் சேர்ந்து இரண்டு விடைகளின் கலவையாகவே நீடிக்கிறார்கள். சமன்பாடு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். இருவரின் கணக்கிலும் பிழை இல்லை. அப்படியானால் உள்ளே என்னதான் நடந்தது?

“உள்ள இருக்கவளுக்கு விடை கெடச்சாச்சு. வெளிய நிக்கவளுக்குத் தெரியலங்கதுக்காக அது இல்லன்னு ஆயிருமா?” என்பது உன் கட்சி.

“வெளியே வந்து யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணை விடைன்னு எப்படிச் சொல்றது?” என்பது என் கட்சி.

“அப்ப நான் மனசுக்குள்ள ஒன்னத் திட்டினா அது திட்டு இல்லியா?”

“இல்ல.”

“நல்லதாப் போச்சு. நெறையத் திட்டிருக்கேன்.”

உள்ளே இருப்பவள் கதவிடுக்கு வழியாக ஒரு சீட்டு அனுப்பலாம். என்ன பார்த்தாள் என்று அதில் எழுதக் கூடாது. ‘பார்த்துவிட்டேன்’ என்று மட்டும் எழுதலாம். அந்தச் சீட்டு கையில் இருந்தும் வெளியே நிற்பவளின் கலவை கலையாது. இது நமக்கு முன்பே மற்றவர்கள் யோசித்ததுதான். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நிற்பவள் எதையெல்லாம் நம்ப உரிமை உள்ளவள் என்று நீ கேட்ட கேள்விதான் புதிது. அதிலிருந்துதான் நம் கட்டுரை பிறந்தது. பேச்சு உன்னுடையது. கணக்கு பெரும்பாலும் நான் போட்டது.

ஆனால் இதையெல்லாம் மனிதர்கள் மேல் ஏற்றினால் உனக்குப் பிடிக்காது. யாரோ ஒரு துர்கா பூஜை மலரில் காதலையும் குவாண்டத்தையும் சேர்த்து எழுதியிருந்ததைப் படித்துவிட்டு முகம் சுளித்தாய். “எலெக்ட்ரானுக்கு உள்ள கொழப்பம் வேற, மனுசனுக்கு உள்ளது வேற. எலெக்ட்ரானுக்குப் பயம் கெடையாது” என்றாய்.

உன் அறை மொட்டைமாடியில் இருந்தது. தண்ணீர் போகும் குழாய் அடைத்துக்கொண்டு மழைக்குப் பிறகு மூலையில் தண்ணீர் தேங்கி நிற்கும். வீட்டுக்கார மாஷிமாவிடம் நீ சொல்லும்போதெல்லாம் அவர் கீழேயிருந்தே “தேக்ச்சி, தேக்ச்சி” என்பார். பார்க்கிறேன் என்று அர்த்தம் என்று நான்தான் உனக்குச் சொன்னேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

“வேடிக்கையப் பாரு. நம்ம பாடத்துல பாத்துட்டா முடிஞ்சுது, ரெண்டுல ஒண்ணுதான். நம்ம வீடுகள்ல பாக்கலாம்னா இப்பதைக்கு ஒண்ணும் கெடையாதுன்னு அர்த்தம். எங்க ஊர்லயும் அதே கத, ஒங்க ஊர்லயும் அதே கத.”

இதைச் சொன்னவள் நீ. அதனால்தான் அன்று என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் உனக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தேன். என்னை நானே காப்பாற்றிக்கொள்ள அப்படி நினைத்துக்கொண்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அன்றைக்கு ஒரு வாரம் முன்பே, என் ஆய்வு வழிகாட்டியான சார் என்னை அழைத்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை. தன் பிளாஸ்கிலிருந்து எனக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார். “முதலில் வேலை தேடு. உண்மை எங்கேயும் ஓடிவிடாது” என்றார். “அவள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறாள், உனக்கு இன்னும் ஒன்றரை வருடம் என்னோடு இருக்கிறது, அந்தத் தத்துவக் கட்டுரையில் உன் பெயர் வந்தால் உன் ஆய்வேட்டில் நான் கையெழுத்துப் போடுவது கஷ்டம்” என்று, மழை வரும் என்று சொல்கிற குரலில் சொன்னார். பக்கவாதத்தில் அப்பாவின் வலது கை விழுந்த பிறகு இந்த ஊரை விட்டு என்னால் நகர முடியாது. இந்த ஊரில், ஆய்வின் பாதியில், வேறு யாரும் என்னை எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். டீயைக் குடித்து முடித்தேன். “சரி சார்” என்றேன்.

ஆக, திங்கட்கிழமை மத்தியானம் உன் அறைக்கு வந்தபோது விடை என்னிடம் இருந்தது.

நீ பாதி மூட்டை கட்டியிருந்தாய். வெள்ளிக்கிழமை ஹவுராவிலிருந்து உனக்கு ரயில். கட்டிலின் மேல் கட்டுரையை அச்செடுத்து வைத்திருந்தாய். தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள். என் பெயர் முதலில்.

“அனுப்பிரவா?” என்றாய்.

அந்தத் தாளைக் கையில் எடுத்து, என் பெயரைப் பார்த்துக்கொண்டே, “பார்க்கலாம்” என்றேன்.

“பாக்கலாம்னா?”

“கணக்கை இன்னொரு தடவை பாத்துடறேன். கொஞ்ச நாள் குடு.”

அந்தக் கணக்கை மூன்று தடவை சரிபார்த்தாகிவிட்டது. உனக்கும் அது தெரியும். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு போனை எடுத்து, என் முன்னாலேயே ரயில் டிக்கெட்டை ரத்து செய்தாய். “நிதானமாப் பாரு. சேந்து அனுப்பிட்டே போறேன். பூஜையும் பாத்த மாதிரி இருக்கும்.”

அப்போது சொல்லியிருக்கலாம். நீ பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் ஒரு நிமிடம் இருந்தது. உன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது மாடி மூலையில் தண்ணீர் நின்றது. சல்வாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனேன்.

அதன் பிறகு நீ துறைக்கு வராத நேரமாகப் பார்த்து வந்தேன். நீ அவசரப்படுத்தவில்லை. ஒன்பதாம் நாள் உன்னிடமிருந்து ஒரே ஒரு செய்தி. “பாத்தியாட்டி?” திறந்து படித்தேன். உன் போனில் இரண்டு நீலக் குறிகள் விழுந்திருக்கும். நான் பார்த்துவிட்டேன் என்பது உனக்குத் தெரிந்தது. என்ன விடை என்பது தெரியவில்லை. எலெக்ட்ரானைப் பற்றி நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. இதை அதோடு சேர்க்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நான்கு நாள் கழித்து மாஷிமா போன் செய்தார். டெங்கு என்றார். அவர் அழுததில் பாதிதான் புரிந்தது. “தேக்ச்சி என்று சொல்லிக்கொண்டே இருந்தேனே” என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. அவருடைய வாக்கியமும் என்னுடைய வாக்கியமும் ஒன்றாகவே இருந்தன.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு நாள் நின்றேன். ஒரு தடவை ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். உன் உதடு காய்ந்திருந்தது. குனிந்தபோது கேட்டாய்: “கணக்கு சரியா இருக்கா?”

“சரியா இருக்கு” என்றேன். அது உண்மைதான்.

மறுநாள் உன் அண்ணன் வந்து சேர்ந்தபோது நீ இல்லை. தாள்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “டிக்கெட் எடுத்துட்டேன்னு போன்ல சொன்னாளே. ஏன் கேன்சல் பண்ணினான்னு ஒனக்குத் தெரியுமாம்மா?”

“பூஜை பாக்கணும்னு சொன்னா, அண்ணா.” அதுவும் உண்மைதான்.

“சின்னப் பிள்ளையிலயே தேரு திருவிழான்னா அவளப் பிடிக்க முடியாது” என்று சொல்லி அவர் லேசாகச் சிரித்தார். இன்றுவரை அவர் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.

குளிர்காலத்தில் உன் கட்டுரைக் கோப்பைத் திறந்தேன். என் பெயரை நீக்கினேன். கணக்கையெல்லாம் அப்படியே விட்டேன். உன் சார்பில் அனுப்பினேன். சார் கேள்விப்பட்டு, “உனக்குப் பெரிய மனசு” என்றார். துறையில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். உன் அண்ணன், “எல்லாத்தையும் அவளுக்கே குடுத்துட்டியேம்மா” என்று அனுப்பியிருந்தார். அந்தச் செய்தியும் நீலக் குறியோடு அப்படியே நிற்கிறது. மறுக்க வேண்டுமென்றால் முழுவதையும் சொல்ல வேண்டும். சொன்னால் அவருடைய தங்கை பூஜை பார்க்க ஆசைப்பட்டு இருந்தவள் இல்லை, என் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தவள் என்று ஆகிவிடும். அதை அவருக்குக் கொடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? கொடுக்காமல் இருக்கவும்தான் என்ன உரிமை? தினமும் அதே நாற்காலியில், அதே சாரின் கணக்குகளோடு உட்கார்ந்து, இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறேன்.

வீட்டில் இப்போது நான் ‘பார்க்கலாம்’ என்று சொல்வதில்லை. வருவேன், அல்லது வரமாட்டேன். முகத்தில் அடித்த மாதிரி பேசுகிறாய் என்று அம்மா வருத்தப்படுகிறாள்.

நம் வாதத்தில் நீ ஜெயித்துவிட்டாய். யாரிடமும் சொல்லாத விடையும் விடைதான். வெளியே இருக்கிறவர்கள் எதை நம்பினாலும், உள்ளே அது ஒன்றாகவே இருக்கிறது. கலைவதில்லை, மாறுவதில்லை. ஒரு வருடமாக அதோடுதான் இருக்கிறேன்.

கட்டுரை ஜூன் மாதம் வெளியானது. அதில் ஒரே ஒரு பெயர் இருக்கிறது.