தொண்ணூறாவது நாள் வியாழக்கிழமை

டர்லாக், கலிபோர்னியா
ஆகஸ்ட் 12, சனிக்கிழமை

அன்புள்ள ஜெர்மானோ,

நலம்தானே? நானும் பிலோமினாவும் ஏதோ இருக்கிறோம். உன் ஞானமகள் லுசிண்டாவுக்கு இது மூன்றாம் மாதம், இன்னும் வாந்தி நிற்கவில்லை. எத்தனை தடவை கூப்பிட்டும் நீ போனை எடுக்காததால், உன் அக்காவிடம் கெஞ்சி, மலைக்கு அந்தப்பக்கம் நீ இருக்கும் ரீனோ முகவரியை வாங்கினேன். அவள்மேல் கோபப்படாதே.

சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ ஒப்பந்தம் எடுத்த சோரன்சன் அம்மா வீட்டுக் குளியலறையில் டைல்ஸ் வேலையை நான் முடித்தது மே பத்தொன்பதாம் தேதி. வரும் வியாழக்கிழமையோடு தொண்ணூறு நாள் ஆகிறது. அதற்குள் மொடெஸ்டோ பதிவு அலுவலகத்தில் அந்த வீட்டின்மேல் வில்லங்கம் பதிய வேண்டும். தவறினால் என் பதினோராயிரம் டாலருக்கு அந்த வீட்டின்மேல் எந்தப் பிடியும் இருக்காது. பதிந்தால் அவர் வீட்டை நிம்மதியாக விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. அப்புறம் மூன்று மாதத்துக்குள் நான் வழக்கும் போட வேண்டும்.

அந்த அம்மா உன்னிடம் கடைசி டாலர் வரை கொடுத்துவிட்டார். நான் பதிந்தால் அதே வேலைக்கு இரண்டாம் தடவை பணம் கட்ட வேண்டிவரும். பணத்தை வாங்கியவன் நீ, மாட்டிக்கொள்ளப் போவது அவர்.

முதல் தவணை நினைவிருக்கிறதா? உன் லாரியின் பானட்மேல் ஒரு காகிதத்தை வைத்துக் கையெழுத்துக் கேட்டாய். பணம் வந்து சேர்ந்துவிட்டது, இதற்காக வீட்டின்மேல் உரிமை கோரமாட்டேன் என்ற காகிதம். பணம் கைக்கு வராமல் இதில் கையெழுத்திடாதீர்கள் என்று அதிலேயே கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. வாசித்துவிட்டுத் தயங்கினேன். "செக்குதான் கையில இருக்குல்ல மச்சான், என்னைப் போயி சந்தேகப்படுறியே!" என்றாய். போட்டேன். செக் திரும்பி வந்தது. இந்தப் பதினோராயிரத்தில் சேராத அந்த ஏழாயிரத்துக்கு இனி அந்த வீட்டை நான் தொட முடியாது. "உங்க மச்சான் கேட்டா என்னையே எழுதிக் குடுத்துடுவீங்க" என்று பிலோமினா தினமும் குத்திக்காட்டுகிறாள்.

என்னோடு டைல்ஸ் ஒட்டிய எவரிஸ்டோவுக்கும் அவன் தம்பிக்கும் என் வண்டியை அடகு வைத்துக் கூலி கொடுத்தேன். இந்த மாதமும் தவணை கட்டாவிட்டால் வண்டி போய்விடும். வண்டி போனால் பிழைப்பும் போச்சு. எனக்கு அறுபத்தொன்று ஆகிறது, முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. அலுத்துவிட்டது ஜெர்மானோ.

முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று நேற்று அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு, படி இல்லாத அந்தக் குளியலறைக்குள் தனியாகப் போனார். "இப்ப என்னைக் கூப்பிடுறதே இல்லப்பா. தானே குளிக்கிறாரு, உள்ளேர்ந்து பாட்டு வேற!" என்று அந்த அம்மா சிரித்தார். வில்லங்கத்தைப் பற்றிச் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

வேலை தொடங்கியபோது நான் பதிவுத் தபாலில் அனுப்பிய அறிவிப்பை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். என் பணம் வராவிட்டால் உங்கள் வீட்டின்மேல் உரிமை கோரலாம் என்று சொல்லும் அறிவிப்பு. அது கிடைத்த அன்று பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். "எல்லாருக்கும் அனுப்புறதுதாம்மா, பயப்படாதீங்க. ஜெர்மானோ எம் பொண்ணுக்கு ஞானத்தகப்பன்" என்றேன். நேற்று அதைக் காட்டி, "இது இனிமே எதுக்கு, கிழிச்சுப் போட்டுடலாமா?" என்று கேட்டார். "வியாழக்கிழமை வரைக்கும் இருக்கட்டும்மா" என்றேன். கிளம்பும்போது, "ஜெர்மானோவைக் கேட்டதாச் சொல்லு. வாசப்படியைக் காசே வாங்காம சரி பண்ணிட்டுப் போனான், தங்கமான பிள்ளை" என்றார். அவர் கொடுத்த பீச் பழக் கேக்கைத் தின்றுவிட்டு வந்தேன். வெட்கமாக இருந்தது.

வில்லங்கப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு வண்டியில் வைத்திருக்கிறேன். நீ மூவாயிரம் கொண்டுவா, வண்டியை மீட்டுக்கொள்கிறேன். கெடு தாண்டட்டும் என்று விட்டுவிடுகிறேன். மீதியை முடிந்தபோது கொடு, காகிதம் எதுவும் வேண்டாம். இதைப் பிலோமினாவிடம் சொல்லவில்லை, சொன்னால் கொன்றே போடுவாள். பணமெல்லாம் எங்கே போனது என்று நான் கேட்கமாட்டேன்.

அலுவலகம் நாலு மணிக்கு மூடுகிறது. வியாழக்கிழமை நண்பகலிலிருந்து அதன் வாசலில் நிற்பேன். மூன்றே முக்கால் வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்குமேல் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும்.

பயப்படாதீங்க என்று அந்த அம்மாவிடம் சொன்னவன் நான். உன்னை நம்பித்தான் சொன்னேன்.

தூய ஆவியானவர் வழித்துணையாக இருப்பாராக. மலைப்பாதையில் மெதுவாக ஓட்டி வா. ஆனால் வா.

இன்னமும் உன் மச்சான்,
ஒலிவியோ பெட்டன்கோர்ட்