அப்பா குடித்த தண்ணீர்

அன்புச் சிட்டு,

நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் அப்பாவுக்குப் போனது குரல் மட்டும், காது பாம்புக் காது, நான் முணுமுணுத்தாலே கண்ணைத் திறந்துவிடுகிறார். அதனால்தான் அவர் தூங்கிய பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன், படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பிவிடுவேன்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று உன்னிடம் சொன்னது பொய்யில்லை. புற்றுக்கட்டியோடு குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள், கழுத்தில் போட்ட துளை வழியாக மூச்சு, மூக்குக் குழாய் வழியாகச் சாப்பாடு. உள்தையல் ஆறும்வரை வாயால் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். உங்கப்பாவா கேட்பார்? காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டே பழகிய மனிதர், ஆஸ்பத்திரியிலும் பேரம். விழுங்கிக் காட்டினால் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அறை வாடகை மிச்சம் என்று கணக்குப் போட்டு, குளியலறைக்குள் போய்க் குழாய்த் தண்ணீரைக் கையில் பிடித்துக் குடித்துப் பழகியிருக்கிறார். ஒரு தடவை இல்லை, பல தடவை. துண்டை வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றவள் நான்தான், எனக்குத் தெரியவில்லையே சிட்டு.

காய்ச்சல் வந்து, கழுத்துக் கட்டு நனைந்தபோதுதான் பிடிபட்டது. தண்ணீரால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, தானாகவும் வரும் என்கிறார் டாக்டர். எப்படி வந்தால் என்ன, உள்தையல் விட்டுப்போய் எச்சில் கழுத்துக்குள் கசிகிறது. மார்பிலிருந்து சதை எடுத்து மூட வேண்டுமாம், தள்ளிப்போட்டால் பெரிய ரத்தக்குழாயை அரித்துவிடுமாம். அதைக் கேட்டதிலிருந்து அவர் இருமினாலே எழுந்துபோய்க் கழுத்துக் கட்டைத்தான் பார்க்கிறேன். முன்பு பேசிய தொகையில் இது சேராதாம், இன்சூரன்ஸும் தீர்ந்துவிட்டது. பில் கவுண்டர் பெண் என்னைப் பார்த்து, அப்பாகூட நீங்கதான் தங்கியிருக்கீங்களா என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் என்றேன். பத்தொன்பது வயசில் உன்னைப் பெற்றவள்தான் நான், ஆனாலும் அவர் அவ்வளவு உருகிவிட்டார்.

மாமா தன் வேனை அடகு வைக்கிறேன் என்கிறான், அது பாதிக்குத்தான் வரும். மீதிக்கு உன் கடைசி வருஷத்துக்குப் போட்டுவைத்த பணம்தான் இருக்கிறது. அதைத் தொட்டால் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அப்பா எழுதிக் காட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போகலாம் கண்ணு. உன்னிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன், தருகிறேன் என்று நீயே அவரிடம் சொல். மனசில்லை என்றாலும் என்னிடம் மறைக்காதே, வேறு வழி தேடுவேன்.

காலையில் டாக்டர் வருவதற்குள் கூப்பிடு. அழாதே, கெஞ்சாதே, நன்றாகத் திட்டு. யார் பேசினாலும் பாதியில் வெட்டுகிறவர், இப்போதுதான் உன்னை முழுசாகப் பேசவிடப் போகிறார். பதறி அடித்துக்கொண்டு கிளம்பி வராதே. ராத்திரி கண் விழிக்காதே. நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், என் ஆயுசும் சேர்த்து.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நான் போனை அவர் காதில் வைத்ததும் உனக்கு ஹலோ கேட்காது, கரகரவென்று காற்றுச் சத்தம்தான் வரும். லைன் சரியில்லை என்று வைத்துவிடாதே. அது அப்பாதான்.

உன்
அம்மா