இறக்கச் சொன்னது நான்தான்

அண்ணே,

இந்த வருட ஆண்டு விழா நாடகத்துக்கு ஒரு காக்கிச் சட்டை தேவைப்பட்டது. முன்பு யார் கொடுத்தார்கள் என்று பார்க்க, போன வாரம் பெற்றோர் வாட்ஸப் குழுவைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். மூன்று வருடத்துக்கு முன் நான் போட்ட செய்தி ஒன்று கண்ணில் பட்டது. ‘திரையை இயக்கியவரின் கவனக்குறைவால் நாடகம் பாதியில் நின்றதற்கு வருந்துகிறோம்.’ பெயர் போடவில்லை. திரையை இயக்கியது யார் என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும், அதனால் பெயர் தேவைப்படவில்லை. அதற்குக் கீழே முதல் ஆளாக நீங்கள் ஒரு கும்பிடு போட்டிருந்தீர்கள்.

நீங்கள் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. ஆசிரியர் அறையில் அந்தக் கும்பிடைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை.

ராயபுரத்தில் எங்கள் பள்ளி அரங்கத்தின் திரை மேலே ஏறி இறங்குகிற வகை. நல்ல கனம். அந்த வருடம் பாதியில் சிக்கிக்கொண்டு ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்று அடம்பிடித்தது. பெற்றோர் கூட்டத்தில் உதவி கேட்டேன். பின் வரிசையிலிருந்து நீங்கள் எழுந்து, ஸ்டெல்லாவின் அப்பா, துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறேன் என்றீர்கள். மறுநாள் ஷிப்ட் முடிந்த கையோடு இரண்டு கப்பியும் கிரீஸ் டப்பாவுமாக வந்து நின்றீர்கள். ஏணியில் நின்றபடியே எனக்குப் பாடமும் எடுத்தீர்கள். விரல் மேலே பார்த்துச் சுற்றினால் தூக்கு, கீழே பார்த்துச் சுற்றினால் இறக்கு, முஷ்டி மூடினால் நிறுத்து. நீங்கள் கயிற்றோடு நிற்கும் இடத்திலிருந்து மேடை தெரியாது. எதிர்ப்பக்கம் நிற்கிற நான் மட்டும்தான் தெரிவேன்.

“கப்பல்லயும் இதே கததான் டீச்சர்” என்றீர்கள். “கீழ சரக்குப் பள்ளத்துல இன்னா நடக்குதுன்னு எனுக்குத் தெரியாது. கை காட்றவன்தான் எனுக்குக் கண்ணு.”

கை தப்பாகக் காட்டிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று விளையாட்டாகக் கேட்டேன்.

“காட்னவன் எல்லார் முன்னாடியும் வந்து ஒத்துக்குவான். இல்லாங்காட்டி மறுநாளு எவன் அவன்கூட வேல செய்வான்?”

நானும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு என்ன கஷ்டம்.

நாடக ஆசிரியை என்று பெயரே தவிர, என் சாமர்த்தியம் எல்லாம் அட்டவணை போடுவதில்தான். எந்தப் பிள்ளை எந்த வாசல் வழியாக வரும், கூடையை யார் எடுத்துக் கொடுப்பார், ஒரு காட்சிக்கு எத்தனை நிமிடம், எல்லாம் என் நோட்டில் இருக்கும். அந்த வருடக் கதையைப் பிள்ளைகளே எழுதினார்கள். மீன் விற்கும் பெண் ஒருத்தியை, கூடை நாறுகிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிடுகிறார்கள். அவள் சாலையில் தனியாக நின்று கடைசி வசனம் பேச வேண்டும். அந்தப் பெண் உங்கள் ஸ்டெல்லா. வசனத்துக்கு முன்னால் அவள் கொஞ்சம் சும்மா நிற்க வேண்டும். அந்தச் சும்மாவுக்கும் என் நோட்டில் ஐந்து விநாடி என்று எழுதிவைத்திருந்தேன்.

விழா அன்று எல்லாமே தாமதம். சிறப்பு விருந்தினர் கைபேசியைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். தலைமை ஆசிரியை இரண்டு முறை என் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஸ்டெல்லா சாலையில் வந்து நின்றாள். ஐந்து விநாடி போயிற்று, பத்து போயிற்று. கூடையை மெல்ல இறக்கிவைத்து, கூட்டத்தைப் பார்த்தபடி நின்றாள். வாய் திறக்கவில்லை. வசனம் மறந்துவிட்டது, மானம் போகிறது என்று நினைத்தேன். விரலைக் கீழே சுற்றினேன். நீங்கள் உடனே கயிற்றை விடவில்லை. நிஜமாகவா என்பது போல் புருவத்தைத் தூக்கினீர்கள். நான் இன்னும் வேகமாகச் சுற்றினேன். திரை இறங்கியது. அவள் வாயைத் திறந்ததும் அப்போதுதான். முதல் சொல் பாதி கேட்டது.

கூட்டம் கூச்சல் போட்டது. தலைமை ஆசிரியை மேடைக்குப் பின்னால் வந்து யார் இறக்கியது என்று கேட்டார். நான் அப்போது தற்காலிக ஆசிரியை. அந்த ஜூனில்தான் என்னை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. “அவர் அவசரப்பட்டு இறக்கிட்டாரு மேடம்” என்றேன். நீங்கள் ஆறடி தூரத்தில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தீர்கள். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, “மன்னிச்சுக்குங்க மேடம்” என்றீர்கள். எனக்கு அப்போது வந்தது நிம்மதி, அண்ணே. வெட்கம் வர வீடு போய்ச் சேர வேண்டியிருந்தது. வெட்கம் வந்த பிறகும் அந்தச் செய்தியைக் குழுவில் போட்டேன்.

ஜூனில் வேலை நிரந்தரமானது. அடுத்த வருடம் உங்களைக் கூப்பிடாமல் கூலிக்கு ஆள் வைத்தேன். ஒருநாள் காசிமேட்டில் நான் மீன் வாங்க வந்தபோது எதிரே வந்துவிட்டீர்கள். இந்த வருஷம் என்ன நாடகம் என்று ஆசையாகத்தான் கேட்டீர்கள். பேருந்து வந்துவிட்டது என்று பொய் சொல்லி ஓடினேன். கையில் மீன் கூட இல்லை.

அந்தக் கும்பிடைப் பார்த்த அன்று சாயங்காலமே உங்கள் வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா கல்லூரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். உங்கள் படத்துக்கு முன்னால் நாற்காலி போட்டாள். காபி வேண்டாம் என்றேன், ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். திரையை இறக்கச் சொன்னது நான்தான் என்றேன்.

“தெரியும் மிஸ்” என்றாள்.

அன்றைக்கு உங்களிடம் சண்டை போட்டாளாம். நீங்கள் நடந்ததைச் சொல்லிவிட்டு, வெளியே மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கினீர்களாம். ‘ஒரு வார்த்த வெளிய போனா டீச்சரு வேலைக்கே ஒல வெச்சுரும்’ என்றீர்களாம். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவள் என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தினமும் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். நான் மறைத்து வைத்திருந்ததாக நினைத்ததை எனக்காக நீங்கள் இருவரும் மறைத்து வைத்திருக்கிறீர்கள்.

“நான் வசனத்த மறந்துட்டேன்னு நெனச்சிட்டீங்களா மிஸ்?” என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். “கூட்டத்துல பின்னாடி பேசிக்கினு இருந்தாங்க. எல்லாரும் என்னப் பாக்கட்டும்னுதான் நின்னேன்.”

உங்கள்மேல் பழி போட்டது ஒன்றுதான் என் பாவம் என்று இத்தனை நாளும் கணக்கு வைத்திருந்தேன். அதற்கு முன்பே ஒன்று செய்திருக்கிறேன். நான் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாக ஒரு பிள்ளை செய்துகொண்டிருந்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை. மேடையையே பார்க்க முடியாத நீங்கள், அந்த அமைதியைக் காதால் கேட்டே தயங்கினீர்கள்.

வீட்டுக்கு வந்து குழுவில் உண்மையை எழுதினேன். பெயர் போட்டு எழுதினேன், உங்கள் பெயரும் என் பெயரும். பழைய செய்தியை அழிக்கவில்லை. தலைமை ஆசிரியை கூப்பிட்டிருக்கிறார், திங்கட்கிழமை போக வேண்டும். அதைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை.

கிளம்பும்போது ஸ்டெல்லா சொன்னதுதான் என்னை விடவில்லை. விழா நடந்த அன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு, நீங்கள் வீட்டுக் கூடையை எடுத்து அவள் கையில் கொடுத்தீர்களாம். சுவரோரம் உட்கார்ந்து, ‘எவ்ளோ நேரம் வோணுமோ நில்லு, அப்பறம் சொல்லு’ என்றீர்களாம். அவள் நின்றாளாம். பிறகு முழுதாகச் சொன்னாளாம். நீங்கள் அழுதீர்களாம்.

அந்தக் கடைசி வசனத்தை அது வர வேண்டிய விதத்தில் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். எனக்கும் ஒருமுறை சொல்லிக் காட்டு என்று அவளிடம் கேட்க வாய் எடுத்தேன். கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.