தேனீக்களிடம் ஒத்திகை பார்த்த கேள்வி

அன்பு மகள் தியாஷாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். அப்பா நலம் என்பதில் இந்த முறை பொய் பாதிதான், போன கடிதங்களில் முழுப் பொய். ஒஸ்லோ குளிரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உட்கார்ந்துகொண்டு படி. பிப்ரவரியில் அப்பாவுக்கு இடுப்புவலி என்றேனே, இடுப்புக்கு ஒன்றுமில்லை. வாழப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார், மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தார். உன்னைக் கலங்கவைக்க வேண்டாம் என்று மறைத்தேன், என் தப்பு.

இப்போது புதன்கிழமைதோறும் தமியானா என்ற நர்ஸ் வீட்டுக்கு வருகிறாள். அப்பாவைப் பார்த்துவிட்டுப் போவாள் என்று நினைத்தால், என்னையும் உட்காரவைத்துப் பாடம் எடுக்கிறாள். அவள் சொல்லித்தான் வேட்டைத் துப்பாக்கியை வேட்டைக்காரர் சங்கத்தில் ஒப்படைத்தோம். அப்புறம், "சாகணும்னு தோணுதான்னு அவர்கிட்ட நேராவே கேளுங்க, கேக்கறதால அந்த நெனப்பு வந்துடாது" என்றாள். முப்பத்தொரு வருஷமாக உப்பு போதுமா என்று கேட்டுப் பழகிய வாய்க்கு அது வருமா? சனிக்கிழமை அப்பாவின் தேனீப் பெட்டிகளிடம் போய் ஒத்திகை பார்த்தேன். ஒவ்வொரு பெட்டியையும் தட்டித் தட்டிக் கேட்டேன், கேட்கக் கேட்க அழுகை வந்துவிட்டது. தேனீ வளர்ப்பவர் இறந்தால்தான் வீட்டார் பெட்டியைத் தட்டி அதைத் தேனீக்களிடம் சொல்வார்கள் என்ற நம் ஊர் வழக்கம் எனக்கு மறந்தே போனது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஃபனிகாவுக்கு மறக்கவில்லை. அப்பா போய்விட்டார் என்று ஊருக்கே சொல்லிவிட்டாள்.

ஒரு மணி நேரத்தில் ஊரே மெழுகுவர்த்தியோடு வாசலில். தீயணைப்புச் சங்கத்தார் சீருடையில், எல்லைக்கல் தகராறில் ஆறு வருஷமாகப் பேசாத யோஷ்கோ மூக்கைச் சிந்திக்கொண்டு. கதவைத் திறந்ததே அப்பாதான், ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு! ஃபனிகா கையிலிருந்த வால்நட் ரொட்டியைப் போட்டுவிட்டு, "சண்டாளா, உயிரோடதான் இருக்கியா!" என்று கட்டிக்கொண்டு முதுகில் குத்தினாள். அப்பா எல்லாரையும் பார்த்து, "என் சாவுக்கு நானே காபி போடணுமா? சரி, உள்ள வாங்க" என்றார். பிப்ரவரிக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்தார்.

எல்லாரும் போனபின் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, "நான் போனா ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்டி" என்றார். பிறகு, "பெட்டிகிட்ட என்னத்தச் சொன்ன?" என்றார். வேறு வழியில்லை, அந்தக் கேள்வியை அவரிடமே கேட்டேன். கையிலிருந்த கோப்பையைத் துடைத்து வைத்தார். "சில நாள் தோணுது. இன்னிக்குத் தோணல" என்றார். இரண்டு பேரும் அழுதோம். பேசாமல் ஒளித்து வைத்திருந்த நாட்களைவிட அந்த அழுகை எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்தது.

புதன்கிழமை தமியானா, தோன்றும் நாளில் யாரைக் கூப்பிடுவீர்கள், பெயர் எழுதுங்கள் என்று தாள் கொடுத்தாள். ஃபனிகா இருக்கிறாள், யோஷ்கோகூட இருக்கிறார், நான் நான்காவது. முதலில் எழுதியது உன் பெயர். அதனால் அப்பா கூப்பிட்டால் வேலை என்று பார்க்காதே, எடு. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் இரண்டு காலிலும் சாக்ஸ் இருக்கிறதா என்று கேள், மீதியை அவர் சொல்வார்.

நீ நூறு வயது சந்தோஷமாக இருக்க வேண்டும் கண்ணே.

இனி இடுப்புவலி என்று பொய் சொல்லாத உன் அம்மா,
ஸ்லாவ்கா